கேட்டவை, சொன்னவை: எல்கானோவின் விக்டோரியா

கேள்வி: 1519இல் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன, உலகைச் சுற்றித் திரும்பியது விக்டோரியா மட்டும். அது அவ்வளவு உறுதியான கப்பலா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. டோனெல் என்ற அக்காலக் கொள்ளளவில் ஐந்தையும் சொன்னால்: சான் அந்தோனியோ 120, திரினிதாத் 110, கொன்செப்சியோன் 90, விக்டோரியா 85, சாந்தியாகோ 75. சாந்தியாகோ தென்னமெரிக்காவின் பத்தகோனியக் கரையில் உடைந்தது. சான் அந்தோனியோ அக்கண்டத்தின் தென்கோடி நீரிணையிலேயே கம்பி நீட்டிவிட்டது. பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் பயணத் தலைவர் மகெல்லன் கொல்லப்பட்டபின், மூன்று கப்பலை ஓட்ட ஆள் போதாமல் கொன்செப்சியோனைக் கொளுத்தினார்கள்.

மிஞ்சிய இரண்டும் இன்றைய இந்தோனேசியாவின் திதோரே தீவில் கிராம்பு ஏற்றின. புறப்படும் வேளையில் திரினிதாதின் அடியில் குழாய் திறந்தாற்போல் தண்ணீர் புகுந்தது. பம்பு அடித்து மாளவில்லை. தீவின் அரசர் மூழ்கித் தேடுவதில் வல்லவர்களை அனுப்பினார். நீண்ட முடியை அவிழ்த்துவிட்டு மூழ்கினார்கள். ஓட்டை இருக்குமிடத்தில் முடி உள்ளே இழுபடும் அல்லவா? நல்ல யுக்திதான், ஆனால் இடம் அகப்படவில்லை. சரக்கை இறக்கி, கப்பலைச் சாய்த்துக் கலப்பத்து பார்க்க, அதாவது பலகை இடுக்குகளை அடைக்க, மாதக்கணக்காகும். விக்டோரியாவின் தலைவர் எல்கானோ சாதகமான காற்றைத் தவறவிடாமல் 1521 டிசம்பர் 21 அன்று கப்பலை எடுத்தார். அதற்குமுன் 60 குவிண்டால் கிராம்பை இறக்கினார்கள். பாரத்தில் பலகை பிளந்துவிடுமோ என்ற பயம்.

அதுவும் வழியெல்லாம் ஒழுகியது. போட்டியாளரான போர்த்துக்கீசியர் கண்ணில் படாமலிருக்கத் துறைமுகங்களை விட்டுத் தெற்கே ஒதுங்கி ஓடினார்கள். உப்பிடாத இறைச்சி அழுகிப்போக, அரிசியும் தண்ணீருமே சாப்பாடு. போர்த்துக்கீசியர் வசமிருந்த கேப் வெர்தே தீவுகளில் அரிசி வாங்கப் போன 13 பேர் பிடிபட்டார்கள். 1522 செப்டம்பர் 6 அன்று ஸ்பெயினின் சான்லூகாரில் வந்து சேர்ந்தவர்கள் 18 பேர். சரக்கு சுமார் 524 குவிண்டால். நம் 100 கிலோ குவிண்டாலாக எண்ண வேண்டாம்; காஸ்டீல் குவிண்டால் 46 கிலோ, ஆக 24 டன்.

கேள்வி: உலகை முதலில் சுற்றியவர் மகெல்லன்தானே? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை, அவர் பாதி வழியில் இறந்தவர். ஒரே பயணத்தில் சுற்றி முடித்தவர்கள் எல்கானோவும் அவருடன் வந்தவர்களும். அந்த எல்கானோ 1520இல் மகெல்லனுக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து, மன்னிப்புப் பெற்றவர்!

கேள்வி: கப்பலின் நாட்குறிப்பில் ஒரு நாள் குறைந்தது ஏன்? (கோவை வாசகர்)

பதில்: கேப் வெர்தேயில் கப்பல் கணக்குப்படி புதன், கரையிலோ வியாழன். எழுதியவர் நாள் தவறாமல் எழுதியிருந்தார், தப்பு அவருடையதல்ல. மேற்கே போகப் போக உச்சிப்பொழுது தள்ளிப்போகிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். 360 பாகைக்கு 24 மணி நேரம். கரைக் கணக்கில் பயணம் 1,082 நாள், கப்பல் கணக்கில் 1,081. அதாவது கப்பலில் ஒவ்வொரு நாளும் சராசரியாக 80 நொடி நீளம், யாருக்கும் உறைத்திருக்காது.

கேள்வி: திரினிதாத் என்ன ஆனது? (திருச்சி வாசகர்)

பதில்: பழுது பார்த்து, 1522 ஏப்ரலில் பசிபிக் வழியாகக் கிழக்கே திரும்பப் பார்த்தார்கள். வடக்கே 40 பாகையைத் தாண்டியும் புயலும் ஸ்கர்வி என்ற சத்துக்குறை நோயும் விடவில்லை. திரும்பி வந்து போர்த்துக்கீசியரிடம் சிக்கினார்கள். அந்த வழியை ஓடிக் காட்டியவர் அந்திரேஸ் தெ உர்தனேத்தா: 1565 ஜூன் 1 அன்று பிலிப்பைன்ஸின் செபூவிலிருந்து கிளம்பி, மேலைக் காற்று கிடைக்கும்வரை வடக்கே ஏறி, அக்டோபர் 8 அன்று மெக்சிகோவின் அகபுல்கோ சேர்ந்தார். 1525இல் எல்கானோ மீண்டும் கடலேறியபோது உடன் சென்ற இளைஞர் இவர். அந்தப் பயணத்தில்தான், 1526 ஆகஸ்டில், பசிபிக் நடுவே எல்கானோ இறந்தார்.