மாமல்லபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை சர்ஃபிங்குக்கு அலை நன்றாக இருக்குமா என்பதை வியாழக்கிழமையே எப்படிக் கணிப்பது?

அலைக் கணிப்புச் செயலியில் உயரம் 1.5 மீட்டர் என்று பார்த்துவிட்டு விடிவதற்குள் பைக்கை விரட்டி வந்தால் கடல் கலங்கிக் குப்பையாகக் கிடக்கிறது. 0.8 மீட்டர்தானே என்று தூங்கிவிட்ட ஞாயிறன்று நண்பர்கள் வீடியோ அனுப்பி வெறுப்பேற்றுகிறார்கள். இதுதானே உங்கள் புகார்? நான் கேளம்பாக்கத்தில் இருக்கிறேன். எட்டு வருடமாக மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் போர்டைக் கட்டிக்கொண்டு போய் வருகிறேன். முதல் இரண்டு வருடம் என் கதையும் இதேதான்.

வியாழக்கிழமை பாதிதான் தெரியும். மீதி சனிக்கிழமை ராத்திரிதான் தெரியும். எது எப்போது தெரியும் என்பது பிடிபட்டுவிட்டால் வீண் பயணம் பாதியாகக் குறைந்துவிடும்.

செயலி மேல் தப்புச் சொல்ல முடியாது. பெரிய எழுத்தில் இருக்கும் உயரத்தைப் பார்த்ததும் மூடிவிடுகிறோம். பக்கத்திலேயே சின்னதாக 6 வி., 11 வி., 14 வி. என்று ஒரு வினாடிக் கணக்கு இருக்கும். ஒரு அலை போய் அடுத்த அலை வர ஆகும் நேரம் அது. பீரியட் என்போம். விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. அலையின் சக்தியை ஒப்பிட, உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, அதைப் பீரியடால் பெருக்கிப் பாருங்கள். 1.5 மீட்டர், 6 வினாடி என்றால் 13.5 வரும். 1 மீட்டர், 14 வினாடி என்றால் 14. செயலியில் அரை மீட்டர் சின்னதாகத் தெரிந்த அலை சக்தியில் ஒரு படி மேலே நிற்கிறது! இன்னொன்றும் உண்டு. 6 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 56 மீட்டர், 14 வினாடி அலையின் நீளம் 300 மீட்டருக்கும் மேல். தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலைக்குத் தரை தட்டுப்பட ஆரம்பிக்கும். 6 வினாடி அலைக்கு அது 28 மீட்டர் ஆழத்தில், 14 வினாடி அலைக்கு 150 மீட்டர் ஆழத்தில். ஆகவே நீண்ட பீரியட் அலை வெகு தூரத்திலிருந்தே தரையைத் தடவிக்கொண்டு, வளைந்து, மணல் திட்டு வந்ததும் எழும்பி நின்று உடையும். குட்டை அலை வந்த வாக்கிலேயே மொத்தமாகச் சரிந்துவிடும், அதில் சறுக்க ஒன்றும் இருக்காது. நீங்கள் 'குப்பை' என்று பார்த்தது பெரும்பாலும் இதைத்தான்.

என் கைக்கணக்கு: நம் கரையில் 7 வினாடிக்குக் கீழே என்றால் அது பக்கத்துக் காற்று கிளப்பிய அலை, போர்வைக்குள்ளேயே இருக்கலாம். 9, 10 என்றால் போகலாம். 12க்கு மேல் என்றால் உயரம் 0.7 ஆக இருந்தாலும் அலாரம் வைத்துவிடுவேன்.

அந்த நீண்ட அலைகள் பெரும்பாலும் எங்கோ தென் அட்சரேகை 40, 50 டிகிரிப் பக்கம் அடிக்கும் புயலில் பிறந்தவை. நமக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. 14 வினாடி அலைக்கூட்டம் ஒரு நாளைக்கு 940 கிலோமீட்டர் போல நகரும், 18 வினாடி அலைக்கூட்டம் 1,200. அதனால் நீளமான அலைகள்தான் முதலில் வந்து சேரும், ஒன்றரை நாள் கழித்து மற்றவை வரும். செயலியில் வெள்ளிக்கிழமை '0.3 மீட்டர், 17 வினாடி' என்று ஒரு அற்பமான வரி தெரிந்தால் பலரும் தள்ளிவிடுவார்கள். எனக்கு அது நல்ல சேதி. பீரியட் 14, 13 என்று இறங்க இறங்க உயரம் ஏறும், ஞாயிறு காலைக்குச் சரியாக வந்து நிற்கும். ஒரு வாரம் பயணம் செய்து வருகிற விஷயம் என்பதால் இதை மட்டும் வியாழக்கிழமையே நம்பிக்கையோடு சொல்லிவிடலாம்.

அடுத்தது திசை. இங்கேதான் நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். காற்றையும் அலையையும் வரைபடத்தில் காட்டும் வின்டி செயலியைத் திறந்து, படத்தைச் சுருக்கினால் இலங்கைக்குத் தெற்கே ஊதா நிறத்தில் பெரிய ஸ்வெல், அதாவது தூரத்துப் புயலில் பிறந்து வரும் அலைக்கூட்டம், திரண்டிருக்கும். மூன்று நாளில் நமக்கு வந்துவிடும் என்று அலுவலகத்தில் லீவு கூடப் போட்டிருக்கிறேன். வரவில்லை. ஏன் என்று பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்தாலே தெரியும்: நமக்கு நேர் தெற்கே இலங்கை குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து இலங்கையின் கிழக்குக் கரையைத் தொடும்படி ஒரு கோடு போட்டால் அது சுமார் 163 டிகிரியில் விழும் (வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180). அந்தக் கோட்டுக்குக் கிழக்கே இருந்து வருவது நேராக வரும். 190, 200 டிகிரியில் வருவதை இலங்கை வாங்கிக்கொள்ளும், ஓரமாக வளைந்து கசிந்து வரும் மிச்சம்தான் நமக்கு. கேரளக் கரையில் அடித்து நொறுக்குகிற அதே வாரம் இங்கே முழங்கால் உயரம் கூட இல்லாமல் போவது இதனால்தான். ஆகவே ஊதா நிறத்தைப் பார்த்து மயங்காமல், மாமல்லபுரத்துக்கு எதிரே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கடலுக்குள் புள்ளியை வைத்து, 'ஸ்வெல் 1', 'ஸ்வெல் 2' இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்த அலை உயரம் என்று காட்டுவதில் பக்கத்துக் காற்று கிளப்பிய அலையும் சேர்ந்திருக்கும்.

டிகிரி என்பது அலை வரும் திசை, போகும் திசை இல்லை. வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது என்று நாம் காற்றுக்குப் பேர் வைத்த அதே முறைதான். ஆனால் வரைபடத்தில் ஓடும் கோடுகள் போகும் பக்கம் ஓடும். இதில் குழம்பாதவர்கள் குறைவு.

140 முதல் 165 வரைதான் எனக்குப் பிடித்த எண்கள். கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டியிருக்கும் பாறைகளை ஒட்டி உடையும் அலையைப் பார்த்திருப்பீர்கள். தெற்கே இருந்து வரும் ஸ்வெல் அந்த முனையைச் சுற்றி வளைந்து, ஒரு முனையிலிருந்து வரிசையாக வடக்கே உடைந்துகொண்டே போகும். கரையைப் பார்த்து நிற்கிறவருக்கு அது வலது பக்கம். நேர் கிழக்கிலிருந்து வந்தால் இந்த வளைவு இருக்காது, நீளமான சுவர் மாதிரி ஒரே நேரத்தில் விழும். உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டியை 2023லும் ஆசிய சாம்பியன்ஷிப்பை 2025லும் இந்த ஊரில் ஆகஸ்ட் மாதத்தில் வைத்தது சும்மா இல்லை. தெற்கு ஸ்வெல்லும் காலை மேற்குக் காற்றும் சேர்ந்து கிடைக்கிற மாதம் அது.

இனி காற்று. மேலே சொன்ன எல்லாம் அமைந்தும் கெடுத்துவிடக் கூடியது இது ஒன்றுதான். மூன்று நாள் முன்னால் சொல்லும் காற்றுக் கணிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு, ஞாயிறு காலை 5 முதல் 10 வரை மணிக்கு மணி பார்ப்பேன். கரையிலிருந்து கடலுக்கு, அதாவது மேற்கிலிருந்து, மெல்ல வீசினால் அலையின் முகம் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும், உடைவதும் தாமதமாகும். தெற்கிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் என்றால் முடிந்தது கதை. ஏப்ரல், மே மாதங்களில் தென்காற்று ராத்திரியில்கூட ஓயாது, விடியும்போதே கடல் கலங்கியிருக்கும். ஜூன் பிறந்தால் காலையில் மேற்குக் காற்று கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் முந்தின ராத்திரி இடி மழை பெய்திருந்தால் மறுநாள் காலை பெரும்பாலும் அமைதியாக இருக்கும், அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள். எப்படியானாலும் பகலில் கடற்காற்று திரும்பிவிடும். சில நாள் ஒன்பதரைக்கே திரும்பும், மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் மதியம் ஒன்று வரை தாங்கும். எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பவர்கள் சர்ஃபிங்குக்கு லாயக்கில்லை.

ஈ.சி.ஆரில் வரும்போதே ஒரு சோதனை இருக்கிறது. சாலையோரக் கட்சிக் கொடிகளைப் பாருங்கள். எந்தக் கட்சியானாலும் சரி, கொடி கடல் பக்கம் பறந்தால் நல்லது. மாமல்லபுரம் பக்கமாகப் பறந்தால், அதாவது தெற்கே, வாடை பிடித்துவிட்டது. திருவிடந்தை தாண்டும்போதே கொடியெல்லாம் சென்னைப் பக்கம் விறைத்து நின்றதைப் பார்த்து, கடலுக்குப் போகாமலே வண்டியைத் திருப்பியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "நாளைக்கு எப்படிண்ணா இருக்கும்?" என்று கேட்டேன். என் கையில் இருந்த போனில் காலை 6 மணிக்கு மேற்குக் காற்று, 9 கிலோமீட்டர். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெக்கத்திக் காத்து இன்னும் அடங்கல தம்பி. இருட்டியும் அடங்கலன்னா காலைல கடலு கலங்கித்தான் இருக்கும்." ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் ஏறி நின்றேன். காயப்போட்ட லுங்கி வடக்குப் பார்த்துப் படபடத்தது. போனை நம்பிப் போனேன். அவர் சொன்னபடிதான் இருந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை ராத்திரி மாடிக்குப் போவது ஒரு பழக்கமாகிவிட்டது.

ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே ஒரு மீட்டர் போலத்தான். சின்ன அலை நாளில் நீர் ஏறியிருந்தால் திட்டின்மேல் உடையாமல் வழுக்கிப் போய்விடும், அவ்வளவுதான். அதைவிட மணலைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மணல் தெற்கே நகரும், மார்ச்சுக்குப் பிறகு வடக்கே நகர ஆரம்பிக்கும். போன ஆகஸ்டில் அருமையாக உடைந்த இடம் இந்த ஏப்ரலில் வெறும் பள்ளமாக இருக்கலாம். இதை எந்தச் செயலியும் சொல்லாது. அங்கேயே சர்ஃப் பள்ளி நடத்தும் பையன்களுக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் புதிதாகக் கற்கிறவர் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட பீரியட் நல்லது என்றேன், ஆபத்தும் அதில்தான். பத்து நிமிடம் கடல் குளம் மாதிரி கிடக்கும், பிறகு ஒரு செட் வரும், ஐந்தாறு அலைகள் ஒன்றன் பின் ஒன்றாக. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படித் தூரத்து அலைகள் சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும் கள்ளக்கடல் நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தது. அவர்களுடைய உயர் அலை எச்சரிக்கையையும் சனிக்கிழமை ஒருமுறை பார்த்துவிடுங்கள், சிவப்பு, ஆரஞ்சு என்றால் போர்டை எடுக்க வேண்டாம். கரைக்கு வந்ததும் உடனே இறங்காமல் இருபது நிமிடம் நின்று பாருங்கள். செயலி காட்டும் உயரம், வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. ஒன்றிரண்டு அலைகள் அதைவிட இரண்டு மடங்கு வரை வரலாம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் இறங்கவே கூடாது, அது அவர்கள் பிழைப்பு.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். போகும் முன் செயலி சொன்னதை எழுதுங்கள், வந்த பிறகு கண்டதை எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்: "ஜூலை 14, ஞாயிறு. 0.9 மீ., 13 வி., 160 டிகிரி. 6 மணி மேற்கு, 8 கி.மீ. நிஜத்தில் இடுப்பளவு, செட்டில் நெஞ்சளவு. 9:40க்குக் காற்று திரும்பியது." இப்படி முப்பது வரி சேர்ந்தால், செயலியின் 0.9 என்பது உங்கள் உடம்பில் எங்கே வந்து நிற்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். வெறுங்கையோடு திரும்பிய நாட்களையும் விடாமல் எழுதுங்கள். என் நோட்டில் மே மாதத்துக்கு வாராவாரம் ஒரே வரிதான்: "தென்காற்று. டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்."