எல்ஃப் கோப்புகளை ஆராயும் கருவி எழுதுவோர்க்குக் கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸில் நிரல்களும் நூலகங்களும் இருக்கும் எல்ஃப் வடிவக் கோப்புகளைப் பிரித்துக் காட்டும் கட்டளைவரிக் கருவி ஒன்றை எழுதுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதல் 16 பைட்டுகளிலிருந்து. 7எஃப் 45 4சி 46 என்ற அடையாளத்துக்கு அடுத்த பைட், கோப்பு 32 பிட்டா 64 பிட்டா என்பதையும், அதற்கடுத்தது பைட் வரிசையையும் சொல்லும். இவ்விரண்டும் தெரியாமல் மேலே படிக்க வேண்டாம்.

கேள்வி: செக்‌ஷன் அட்டவணை (கோப்பின் பகுதிகள் எங்கே உள்ளன என்ற பட்டியல்) கோப்புக்குள் அடங்குகிறதா என்று, தொடக்க இடத்தோடு அதன் நீளத்தைக் கூட்டிச் சோதிக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. 64 பிட் கோப்பில் தொடக்க இடமும் 64 பிட் எண் என்பதால், அதில் ஒருவர் மிகப் பெரிய மதிப்பை எழுதி வைத்தால், கூட்டுத்தொகை சுற்றி வந்து சிறிய எண்ணாகி உங்கள் சோதனையைக் கடந்துவிடும். தொடக்க இடம் கோப்பின் அளவை மீறுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு அளவிலிருந்து அதைக் கழித்து, மீதியை ஒரு பதிவின் நீளமான 64ஆல் வகுத்து, எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். செக்‌ஷன்கள் 65,280 அல்லது அதற்கு மேல் இருந்தால், கோப்பின் தலைப்பில் எண்ணிக்கை 0 என்றே இருக்கும். உண்மை எண் முதல் பதிவின் அளவுப் புலத்தில் இருக்கும். அதையும் இதே போலச் சோதிக்க வேண்டும். கோப்பு தன்னைப் பற்றிச் சொல்லும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். எழுத்துத் தொடர்களை மட்டும் காட்டுவதாக எல்லோரும் எண்ணியிருந்த ஸ்ட்ரிங்ஸ் கருவி, உள்ளுக்குள் கோப்பின் அமைப்பையும் அலசியதால், தீய கோப்புகளால் நினைவகப் பிழைக்கு உள்ளாகும் என்பது 2014இல் வெளிப்பட்டது.

கேள்வி: ரஸ்ட் மொழியில் எழுதினால் இந்தக் கவலையே இல்லையே?

பதில்: பாதி உண்மை. எல்லை தாண்டிய வாசிப்பை ரஸ்ட் தடுக்கும். ஆனால் வெளியீட்டுக்கான ரிலீஸ் பில்டில் முழு எண் கூட்டல், நீங்கள் மாற்றாதவரை, ஓசையின்றிச் சுற்றி வரும்.

கேள்வி: சுற்றி வந்தாலும் வாசிக்கும்போது நிரல் நின்றுவிடும், தாக்குதல் நடக்காது. அது போதாதா?

பதில்: சந்தேகத்துக்குரிய கோப்பை ஆராயத்தான் இந்தக் கருவி. அத்தகைய கோப்பைக் கண்டதும் அது விழுந்துவிட்டால், கோப்பைத் திரித்தவர் விரும்பியது நடந்துவிட்டது. பிழையைத் தெரிவித்துவிட்டு, படிக்க முடிந்த பகுதிகளைக் காட்டுவதே முறை.

கேள்வி: செக்‌ஷன் அட்டவணையே இல்லாத கோப்பும் ஓடுகிறதே?

பதில்: இயங்குதளத்தின் மையமான கெர்னல், நினைவகத்தில் எதை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் புரோகிராம் ஹெடர்களைக் கொண்டே கோப்பை ஏற்றுகிறது. மேலே சொன்னதுதான்: அவற்றின் எண்களையும் நம்பாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் இஎக்ஸ்இ கோப்புகள்?

பதில்: அவை பிஇ வடிவம்; அதை அறிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: சார்பு நூலகங்களை அறிய, என் கருவிக்குள்ளிருந்து எல்டிடி கட்டளையை அழைக்கலாமா?

பதில்: கூடாது. சில சூழல்களில் எல்டிடி அந்த நிரலையே இயக்கிவிடும். டைனமிக் பகுதியில், தேவையான நூலகங்களைச் சுட்டும் நீடட் பதிவுகளை நீங்களே படியுங்கள்.