ஆற்றில் தூர்வாரும் மண்ணை வெள்ளக்கரை கட்டவும் கடலரிப்பைத் தடுக்கவும் பயன்படுத்த முடியுமா?

முடியும். ஆனால் எந்த இடத்து மண் என்று பார்க்காமல் யாரும் உறுதி சொல்லக் கூடாது. நான் வடசென்னை கத்திவாக்கத்துக்காரன், மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நம் கொசஸ்தலை ஆற்றை வைத்தே சொல்கிறேன்.

அந்த ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை அடைப்பது பெரும்பாலும் கடல் கொண்டுவந்து போட்ட மணல். நம் கரையோரம் வருஷத்தில் அதிக நாள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் வந்தபின் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை அரிக்க ஆரம்பித்தது. அதைத் தடுக்கத்தான் கருங்கல்லாகக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். 2001இல் எண்ணூர் துறைமுகம் வந்தபிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே காட்டுப்பள்ளி அரிக்கிறது. ஆகவே முகத்துவாரத்தில் அள்ளும் மணல் கடற்கரைக்குச் சொந்தம். அதை லாரியில் ஏற்றி மனை நிரப்ப அனுப்புவது அநியாயம் என்றே சொல்வேன்.

மணலை வைத்து என்ன செய்யலாம்? ஒடிசாவின் பெந்தா கிராமத்தில், சென்னை ஐஐடி வடிவமைப்பில், மணல் நிரப்பிய ஜியோ ட்யூப்களை (கெட்டியான செயற்கைத் துணியாலான நீளப் பைகள்) அடுக்கி 505 மீட்டர் நீளத்துக்குக் கடல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். புதுச்சேரியில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் தண்ணீருக்கடியில் ஒரு தடுப்பு வைத்தது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் அங்கே கரையில் சேர்த்தார்கள். இல்லாமல் போயிருந்த கடற்கரை மறுபடி தலைகாட்டியது.

உள்ளே வந்தால் கதை வேறு. மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் 2015இலும் 2021இலும் பூண்டி நீர்த்தேக்கத்தில் திறந்த தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே ஆற்றுக்குள் கிடப்பது களியும் வண்டலும். களி கரை கட்ட நல்ல பொருள், தண்ணீரை எளிதில் கசிய விடாது. ஆனால் அள்ளிய ஈரத்தோடு கரையில் கொட்டினால் காயும்போது கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அடுத்த ஐப்பசி மழையில் அந்த வெடிப்பு வழியாகவே கரை அறுந்துபோகும். நெதர்லாந்தில் கழிமுகச் சேற்றைப் பாத்தி கட்டிப் பரப்பி, அவ்வப்போது புரட்டி, மழை உப்பைக் கழுவும்வரை காத்திருந்து, கெட்டிக் களியாக்கிக் கடலோரக் கரைக்குப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையும் இடமும் வேண்டும். அவசரம் என்றால் சிமெண்டோ சுண்ணாம்போ கலந்து கெட்டிப்படுத்தலாம். ஆனால் சேற்றில் மக்கிய குப்பை அதிகம் இருந்தால் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. உப்புச் சேற்றைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் சேர்க்கவே கூடாது, கம்பி துருப்பிடித்துவிடும்.

எனக்கு உண்மையான கவலை மூன்றாவது வகை மேல்தான். அனல்மின் நிலையச் சாம்பல் பல வருஷமாகக் குழாயில் கசிந்து ஆற்றில் படிந்திருக்கிறது. கையால் தடவி இறால் பிடித்த இடமெல்லாம் சாம்பல் மேடு. ஒரு ஜாம் பாட்டிலில் அந்தச் சேற்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்காரும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். சாம்பல் கலந்திருந்தால் மேலே வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய ஆடை மிதக்கலாம். உள்ளே காற்று அடைத்த நுண்ணிய உருண்டைகள் அவை. ஆடை இல்லையென்றால் சாம்பல் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கன உலோகங்கள் எவ்வளவு என்பதையும் கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். சாம்பல் செங்கலுக்கு ஆகுமே என்பார்கள். உலர் சாம்பல் ஆகும், உப்பும் சேறும் கலந்த இந்தச் சாம்பல் அதற்கு ஆகாது. காய்ந்தால் காற்றில் பறந்து வீட்டுக்குள் வரும், நனைந்தால் திரும்ப ஆற்றுக்குள் இறங்கும். கரைக்கும் வேண்டாம், கடலுக்கும் வேண்டாம். அடியில் தார்ப்பாய் போன்ற கசியாத விரிப்புப் போட்ட குழியில்தான் அடைக்க வேண்டும்.

அதனால் தூர்வார ஒப்பந்தம் போடும்போதே முகத்துவாரம், களிப்பகுதி, சாம்பல் பகுதி என்று பிரித்துச் சோதனை, காயவைக்கும் இடம், கொட்டும் இடம் மூன்றையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கிராமசபையிலோ ஏரியா சபையிலோ இதை மனுவாகவே கொடுக்கலாம்.