ஏர் ஃபிரையர், இன்ஸ்டன்ட் பாட், ஸ்மோக்கர்: இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் எதை முதலில் வாங்கலாம்?

டெக்சஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, கணவன் மனைவி இருவருக்கும் வேலை, நான்கு வயதில் ஒரு பிள்ளை, ஏர் ஃபிரையர் வாங்கு, இன்ஸ்டன்ட் பாட் வாங்கு, ஸ்மோக்கர் வாங்கு என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், நம் சமையலுக்கு எது ஒத்துவரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஹூஸ்டனுக்கு மேற்கே 11 ஆண்டுகளாக இருக்கிறேன். மூன்றையும் வாங்கியிருக்கிறேன்; மூன்றிலும் ஒரு முறையாவது சாப்பாட்டைப் பாழாக்கியிருக்கிறேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன். முதலில் இன்ஸ்டன்ட் பாட் போன்ற மின் பிரஷர் குக்கர். அது கைக்குப் பழகிய பிறகு ஏர் ஃபிரையர். ஸ்மோக்கரை, அதாவது கறியை விறகுப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பை, சொந்தப் புழக்கடை வரும்வரை மறந்துவிடுங்கள்.

இவற்றை நேரத்தை மிச்சப்படுத்தும் கருவிகள் என்று விற்கிறார்கள். அதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். பருப்பு 9 நிமிடம் என்று திரையில் காட்டும். ஆனால் அழுத்தம் ஏறவே பத்துப் பன்னிரண்டு நிமிடம், அடங்க இன்னொரு பத்து நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஊர்க் குக்கரே முந்திவிடும். பிறகு எதற்கு இது? வைத்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவுதான். விசிலை எண்ண வேண்டாம், தீயைக் குறைக்க வேண்டாம், பிள்ளையைக் குளிப்பாட்டும்போது ஒரு காது அடுப்படியிலேயே இருக்க வேண்டாம். உங்களை அடுப்பின் முன் நிறுத்திவைக்கும் வேலை எது என்று முதலில் பாருங்கள். அதற்கு ஏற்ற கருவியை வாங்குங்கள்.

இன்ஸ்டன்ட் பாட் கனடாவில் பிறந்தது. ராபர்ட் வாங் என்ற கணினிப் பொறியாளரும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கி 2010-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே நடப்பது நம் குக்கரில் நடப்பதுதான். ஒரு வேறுபாடு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஊர்க் குக்கரின் வெயிட் ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தூக்கும். இந்த மின் குக்கர்கள் பெரும்பாலும் 10 முதல் 12-க்குள் நின்றுவிடும். அதனால்தான் ஊரில் ஆறு விசிலில் வெந்த ஆட்டுக்கறி இங்கே 20 நிமிடம் வைத்தும் நார் நாராக இழுக்கிறது. 30 நிமிடம் வையுங்கள்.

என் அம்மா ஆறு மாதம் தங்க வந்திருந்தபோது, முதல் நாள் இதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "இது எப்போது விசில் அடிக்கும்?" என்றார். அடிக்காது என்றேன். "பிறகு வெந்தது எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தேன். ஊறவைக்காத துவரம்பருப்பு 9 நிமிடம், ஊறிய கொண்டைக்கடலை 18, வெண்பொங்கல் 12. உங்கள் வீட்டுத் தண்ணீருக்கும் பருப்புக்கும் கொஞ்சம் முன்பின் ஆகும். நீங்களும் ஒரு தாள் ஒட்டுங்கள்.

வேலைநாளில் நான் அதிகம் செய்வது பாத்திரத்துக்குள் பாத்திரம். அடியில் பருப்பு, மஞ்சள்தூள், தக்காளி, தண்ணீர். மேலே முக்காலி வைத்து, எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு பங்கு சோனா மசூரிக்கு இரண்டு பங்கு தண்ணீர். 9 நிமிடம், பிறகு தானாக அடங்கும்வரை தொடக்கூடாது. சோறும் பருப்பும் ஒரே நேரத்தில் வந்துவிடும். தாளிப்பு மட்டும் கேஸ் அடுப்பில், சின்ன இரும்புக் கரண்டியில். குக்கரிலேயே வதக்கும் பொத்தான் உண்டு. கடுகு வெடிப்பதற்குள் கறிவேப்பிலை வாடிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் நம்மவர்கள் இந்தக் குக்கரைக் கொண்டாடுவதற்கு உண்மையான காரணம் தயிர் பொத்தான். ஜனவரியில் இங்கே மாவு பொங்காது. ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வைப்பது, போர்வை போர்த்துவது எல்லாம் செய்து பார்த்தவன் நான். தயிர் பொத்தான் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய இளஞ்சூட்டை மணிக்கணக்கில் விடாமல் தரும். நாலுக்கு ஒன்று உளுந்து போட்டு அரைத்த மாவை வேறொரு பாத்திரத்தில் ஊற்றி, குக்கரின் அடியில் ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு, அதற்குள் இறக்குங்கள். நேராகக் குக்கர் பாத்திரத்தில் ஊற்றினால் அடிமாவு லேசாக வெந்து ஒட்டிக்கொள்ளும். குக்கரின் சொந்த மூடியையும் போடாதீர்கள், கண்ணாடி மூடி போதும். நான் முதல் முறை பூட்டு மூடியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மாவு பொங்கி வால்வுக்குள் ஏறி, அங்கேயே காய்ந்து, பல் குத்தும் குச்சியால் அரை மணி நேரம் சுரண்டினேன். அன்றைய இட்லி என்னவோ மல்லிகைப்பூதான்.

ஏர் ஃபிரையருக்கு வருவோம். இதுவும் 2010-ல்தான் வந்தது, பிலிப்ஸ் அறிமுகப்படுத்தியது. பெயரில்தான் பொரிப்பது இருக்கிறது. மேலே ஒரு சூடேற்றும் கம்பி, அதற்கு மேல் வேகமாகச் சுழலும் விசிறி, கீழே ஓட்டைக் கூடை. சின்ன ஓவன் என்று நினைத்துக்கொண்டால் எது வரும், எது வராது என்று தானே விளங்கும். வடை வராது. மாவு ஓட்டை வழியே இறங்கி மரவட்டைபோலத் தொங்கும். பஜ்ஜி வராது. அப்பளத்தைப் போடவே போடாதீர்கள். விசிறிக் காற்றில் அது எழும்பிப் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகியது. அன்று புகை எச்சரிக்கை மணி அலறி, என் மகள் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள். அப்பளத்துக்கு மைக்ரோவேவ் இருக்கிறது, ஒரு நிமிடம்கூட ஆகாது.

வருவது என்ன என்றால், சேப்பங்கிழங்கு. முக்கால் வேக்காடு வேகவைத்து, தோலுரித்து, லேசாகத் தட்டி, மிளகாய்த்தூள், உப்பு, அரிசி மாவு, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் போட்டுப் பிசறி, 390 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம். பாதியில் ஒரு முறை குலுக்கினால் போதும். வாணலியில் இதே வறுவலுக்கு நான் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். வெண்டைக்காய் நன்றாக வரும், கொழகொழப்பே இருக்காது. மசாலா தடவிய மீன் துண்டும் வரும். ஆனால் தோசைக்கல்லில் வறுத்த மீனுக்கு ஈடு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மீந்துபோன பரோட்டாவும் சமோசாவும் இதில் உயிர் பெற்று எழுந்துவிடும்.

இனி ஸ்மோக்கர். எனக்குப் பிடித்தது இது என்பதால் கொஞ்சம் நீளும்.

நீங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பால்கனியில் கரியடுப்பும் ஸ்மோக்கரும் பெரும்பாலும் தடை. எனக்கும் வீடு வாங்கிய பிறகுதான் வாய்த்தது. வாங்கியது பெல்லட் ஸ்மோக்கர். மரத்தூளை அழுத்தி, சாக்பீஸ் துண்டுபோலச் செய்த குச்சிகளை ஒரு பெட்டியில் கொட்டுகிறோம். மோட்டாரில் சுழலும் திருகுத் தண்டு அவற்றைச் சிறிது சிறிதாக ஒரு தீக்கிண்ணத்துக்குத் தள்ளும்; விசிறி ஊதும்; சூட்டைப் பார்த்து இயந்திரமே கூட்டும், குறைக்கும். 225 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்தால் அந்த அளவை ஒட்டியே நிற்கும். விறகு தள்ளத் தெரிந்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள். டெக்சஸில் லாக்ஹார்ட் என்று ஓர் ஊர். சட்டமன்றமே அதை மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகரம் என்று அறிவித்திருக்கிறது. அங்கே ஓக் விறகு எரியும் செங்கல் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தால், என் பெட்டி கொஞ்சம் பொம்மைபோலத்தான் தெரியும். இருக்கட்டும். அந்த அடுப்புக்கு ஓர் ஆள் இரவெல்லாம் உட்கார வேண்டும்.

முதல் கோழி கசந்தது. மூட்டியவுடன் வரும் கனத்த வெள்ளைப் புகையில் கறியை வைத்துவிட்டேன்; சரியாக எரியாத விறகின் புகை அது, கறியின் மேல் கரிப்பிசின் படிந்துவிடும். கால் மணி நேரம் பொறுத்தால் புகை மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலமாக மாறும். அப்போது வையுங்கள். இரண்டாவது கோழியில் வாசனை அருமை, தோல் ரப்பர். மெல்லிய சூட்டில் கோழித் தோலின் கொழுப்பு உருகி முறுகாது. இதற்கு நான் கண்ட வழிதான் இந்தப் பதிலிலேயே உருப்படியான குறிப்பு என்று நினைக்கிறேன்: மிளகு, பூண்டு, தயிர் தடவி ஊறிய கோழித் தொடைகளை 250 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் புகையில் வைத்து, எடுத்து, ஏர் ஃபிரையரில் 400 டிகிரியில் 6 நிமிடம். தோல் மொறுமொறுவென்று ஆகிவிடும். கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி கட்டாயம் வேண்டும். 165 டிகிரி தொட்டால் பாதுகாப்பு, தொடைக்கறிக்கு 180 வரை போனால்தான் ருசி. நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. புகையில் வெந்த கறி முழுக்க வெந்த பிறகும் விளிம்பில் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும்.

ஆட்டுத் தொடையாக இருந்தால் துண்டு போட்டு இரண்டு மணி நேரம் புகையில் காட்டிவிட்டு, மீதி வேக்காட்டைப் பிரஷர் குக்கரிடம் விட்டுவிடுவேன். பிறகு மிளகும் சோம்பும் போட்டுச் சுக்கா. சைவர்களுக்கும் இதில் வேலை உண்டு. முழுக் கத்திரிக்காய், தக்காளி, ஒரு பூண்டு இவற்றைத் தட்டில் வைத்து ஒரு மணி நேரம் விட்டால், சுட்ட கத்திரிக்காய்க் கொத்சு இட்லியைத் தேடும்.

பெல்லட் பைகள் மர வாரியாகக் கிடைக்கும்: ஹிக்கரி, ஆப்பிள், பெக்கன், மெஸ்கீட். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். ஒரு நாள் மெஸ்கீட் பையைப் பிரித்து மூட்டினேன். அம்மா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, மூக்கைச் சுளித்து, "கரிமூட்டம் போட்டிருக்கிறார்களா பக்கத்தில்?" என்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மெஸ்கீட்டும் நம் ஊர் சீமைக்கருவேலமும் ஒரே குடும்பத்து நெருங்கிய உறவு; நம் ஊர் மரமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனதுதான். கண்மாய்க்கரையில் அதை வெட்டி, அடுக்கி, மண் பூசி, நாட்கணக்கில் புகையவிடும் அதே வாசனை. பை என்ன விலை என்று கேட்டார், 20 டாலர் என்றேன். "வேலிக்கருவையைக் காசு கொடுத்தா வாங்கினாய்?" என்றவர், ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒன்று மட்டும்: மெஸ்கீட் புகை காட்டமானது, நீண்ட நேரச் சமையலுக்குக் கசந்துவிடும். தொடக்கத்துக்குப் பெக்கன் அல்லது ஆப்பிள் வாங்குங்கள்.

பெல்லட்டை மழையில் நனையவிடாதீர்கள். பெட்டியை மூடாமல் விட்டுவிட்டு ஒரு வார இறுதி டாலஸ் போய் வந்தேன். ஈரம் குடித்த குச்சிகள் ஊதி, தூளாகி, திருகுத் தண்டைச் சிமென்ட்போலப் பிடித்துக்கொண்டன. அதைக் கழற்றித் திருப்புளியால் குத்தி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும், பெல்லட் ஸ்மோக்கருக்கும் சேர்த்து. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸ் நாட்கணக்கில் இருண்டபோது என் அடுக்களை மேடை முழுக்கப் பொம்மைகள்தான் நின்றன. ஊரிலிருந்து தூக்கி வந்த அலுமினியக் குக்கரும் தீக்குச்சியால் பற்றவைத்த கேஸ் அடுப்பும்தான் சோறு போட்டன. அந்த நாட்களில் குளிர் தாங்காமல் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் கரியடுப்பு மூட்டிய பலர் கார்பன் மோனாக்சைடு நச்சால் மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் இறந்தும் போனார்கள். கரி, விறகு, பெல்லட் எதுவானாலும் கூரைக்கு வெளியேதான். கராஜ் கதவைத் திறந்து வைத்திருக்கிறேனே என்ற சமாதானம் உதவாது.

இன்னொரு சின்ன விஷயம். இங்கே 120 வோல்ட். அடுக்களை மின்சுற்றுக்குப் பெரும்பாலும் 20 ஆம்பியர், அதாவது 2400 வாட். ஏர் ஃபிரையர் 1500, குக்கர் 1000. இரண்டையும் ஒரே சுற்றில் போட்டால் பிரேக்கர் விழலாம், சாம்பார் பாதியில் நிற்கலாம். மேடையின் எந்த இரண்டு பிளக்குகள் வேறு வேறு சுற்றில் இருக்கின்றன என்று பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குக்கர் வாங்குவதானால் 6 குவார்ட், அதாவது ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவு வாங்குங்கள். 3 குவார்ட்டில் வழக்கமான இட்லித் தட்டு இறங்காது.