மாமி வீட்டு முகவரி

அன்பின் அண்ணா,

கண்டி மஹியாவவில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு, வேலை முடிந்து வந்து மாலையில் இலவசமாக வகுப்பு எடுக்கிறேன். எட்டுப் பேர் படுக்கும் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வருகிறார்கள். அவர்களுடைய தாங்கும் சக்தி வியக்க வைக்கிறது. கைபேசிதான் கெடுக்கிறது. இன்னொரு வருத்தமும் உண்டு. உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை, வேலை விண்ணப்பங்களில் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் மாமி வீட்டு முகவரியை எழுதுகிறாள். ஊரை மறைக்காதே என்று சொல்லியும் கேட்கவில்லை. இவர்களுக்கு நம்பிக்கை தரும் புத்தகங்கள் சிலவற்றைச் சொல்வீர்களா?

அன்பின் தங்கச்சி,

களைத்துப்போய் வந்தும் அந்தப் பிள்ளைகளோடு உட்காருகிறீர்களே, அதற்காகவே உங்களைக் கும்பிடலாம். ஆனால் ‘தாங்கும் சக்தி’ என்ற பேச்சை விட்டுவிடுங்கள். எட்டுப் பேர் ஓர் அறையில் படுப்பதை நாம் வியந்துகொண்டே இருந்தால், இன்னொரு அறை கட்டித்தர வேண்டியவர்களுக்கு என்ன அவசரம்? கைபேசி எல்லா வீட்டிலும் இருக்கும் தலைவலி, அது கிடக்கட்டும்.

அந்த மாமி வீட்டு முகவரிதான் இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், வளர்ந்தவன். எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வரமாட்டார். கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போகும், யாராவது மனம் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. அக்காவுக்கு ஆசிரியர் வேலைக்கு நேர்முகக் கடிதம் வந்தது. கைக்குக் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து நாலு நாள். கொழுந்துக்கூடையை இறக்காமலே நின்று அம்மா அதைக் கேட்டார். அக்கா அழவில்லை. அடுத்த விண்ணப்பத்தில், டவுனில் நாங்கள் சாமான் வாங்கும் கடை நானாவின் முகவரியை எழுதினாள். கடிதம் வந்த அன்றே நானா கடையை மகனிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி, மழையில் லயத்துக்கு ஏறி வந்தார். உறை நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்தார். அக்கா இருபத்தெட்டு வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றுவிட்டாள்.

அக்கா எதை மறைத்தாள்? சொல்லுங்கள்.

மஹியாவ சனமும் எங்களைப் போல வெள்ளைக்காரன் காலத்தில் வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள்தான். 1948இல் வந்த சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சப்பட்ட 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தார்கள். கடைசிவரை நாடற்றுக் கிடந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. எந்த ஊர் என்று கேட்டால் எங்கள் பெரியவர்கள் ஏன் ஒரு கணம் தயங்கினார்கள் என்று இப்போது புரிகிறதா? அந்தத் தயக்கத்துக்குப் பிறந்த பிள்ளையிடம் போய் ஊரை மறைக்காதே என்கிறீர்கள். மஹியாவ என்று வாசித்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கிறவன் வெட்கப்படட்டும், அவள் ஏன் வெட்கப்பட வேண்டும்? தனக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பாதவள் கட்டுகஸ்தோட்டை வரை போய் முகவரி கேட்பாளா? நம்பிக்கையைப் புத்தகத்தில் தேடுகிறீர்களே, அது உங்கள் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புகிறது. இனி அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். வேலை கிடைக்கட்டும்.

சரி, புத்தகம் கேட்டிருந்தீர்கள். இரண்டு பார்சல் அனுப்புகிறேன். ஒன்று வகுப்புக்கு. மற்றது அந்தப் பிள்ளைக்கு, அவள் பெயரில், மஹியாவ வீட்டுக்கே. கதவு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள்.