கடனால் முறியும் வேளையில் வங்கிக் கணக்கும் வருமான வரியும்

கேள்வி: நான் மாங்குளத்தை அண்டிய கிராமம் ஒன்றில் பசளை, கிருமிநாசினி விற்பனையும் நெல் கொள்வனவும் செய்துவந்தேன். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது எனது கடையில் கடனுக்குச் சாமான் எடுத்த விவசாயிகளின் விளைச்சல் படுத்துவிட்டது. அவர்களிடமிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு வட்டியும் ஏறியது. இன்று ஒரே வங்கியில் மேலதிகப் பற்றும் தவணைக் கடனுமாக 28 இலட்சம் ரூபாய் நிலுவை. அதற்கு ஓர் ஆசிரியர் பிணை நின்றார். காணி எதையும் ஈடு வைக்கவில்லை. நெல் தந்த மூவரிடம் எனது காசோலைகள் இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்கென்று சுவிஸிலிருந்து தம்பி அனுப்பிய பணத்தையும் வங்கி கடனுக்குக் கழித்துவிட்டது. கடையை மூடிவிட்டு இப்போது லொறி ஓடுகிறேன். கடைசியாக 2021/22 ஆம் ஆண்டுக்கு வரி அறிக்கை அனுப்பினேன். வீடு அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியில் இருக்கிறது. மனைவிக்குக் கிளிநொச்சியில் சீதனக் காணி உண்டு. வங்குரோத்து மனுப் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். அதற்கு முன் கணக்குகளை மூடி, மிச்சப் பணத்தை மனைவியின் பெயருக்கு மாற்றிவிடலாமா? நட்டப்பட்டவனுக்கும் வரி உண்டா?

பதில்: ஐயா, மனைவியின் பெயருக்குப் பணத்தை மாற்றும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். கடன்காரர் நெருக்கும் வேளையில் ஒருவர் தன் பணத்தையோ சொத்தையோ பெறுமதி எதுவும் பெறாமல் நெருங்கிய உறவினருக்குக் கொடுத்தால், கடன்காரரை ஏமாற்றும் நோக்கில் செய்யப்பட்டதென்று காட்டி அந்தக் கைமாற்றத்தை இரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்க நமது சட்டம் இடமளிக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பும் ஒன்றுண்டு. வங்கியோடு இணக்கத்துக்குப் போனாலும், நீதிமன்றத்துக்குப் போனாலும், உங்களிடம் இருக்கும் ஒரே பலம் நேர்மையாக நட்டப்பட்டவர் என்ற உண்மைதான். சில ஆயிரம் ரூபாய்க்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வங்குரோத்து மனுவைப் பற்றிச் சொல்கிறேன். தனிநபருக்கு இலங்கையில் உள்ள சட்டம் 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கடனிறுக்க வகையற்றோர் கட்டளைச் சட்டம். மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்தால், உங்கள் சொத்துகளைப் பொறுப்பேற்க ஒருவர் நியமிக்கப்படுவார்; கடன்காரர்கள் அழைக்கப்படுவார்கள்; உங்கள் கணக்குப் புத்தகங்களும் கொடுக்கல் வாங்கல்களும் விசாரிக்கப்படும். இறுதியில் நீதிமன்றம் சான்றிதழ் வழங்கினால்தான் கடனிலிருந்து விடுதலை கிடைக்கும். அந்தச் சான்றிதழிலும் மூன்று வகுப்புகள் உண்டு. தவிர்க்க முடியாத இழப்பினால் முறிந்தவருக்கு முதல் வகுப்பு, ஓரளவே அப்படியானால் இரண்டாவது, தன் நடத்தையால் முறிந்தவருக்கு மூன்றாவது. பசளைத் தடையால் விளைச்சல் விழுந்ததும், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதும் உங்கள் கையை மீறியவை. ஆனால் கொப்பிகளும் வங்கிக் கூற்றுகளும் இல்லாமல் அதை நிறுவ முடியாது.

இந்த வழி அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது, நீண்டது, செலவுமிக்கது. உங்களுக்குக் கிடைக்கும் விடுதலை பிணை நின்ற ஆசிரியருக்குக் கிடைப்பதில்லை. வங்கி முழுத் தொகைக்கும் அவரிடம் போகும். ஆகவே இதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, வங்கியோடு பேசித் தவணையை மாற்றியமைக்கும் வழியை முதலில் முயலுங்கள் என்பதே எனது கருத்து.

இனி வங்கிக் கணக்குகள். தம்பி அனுப்பிய பணத்தை வங்கி எடுத்தது கொடுமையாகத் தோன்றும். எனக்கும் அது வருத்தமே. ஆயினும், குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின்படி வங்கித்தொழில் விடயங்களில் இங்கிலாந்துச் சட்டமே இங்கு பின்பற்றப்படுகிறது. அதன்படி, ஒரே வாடிக்கையாளரின் ஒரு கணக்கிலுள்ள வரவை மற்றக் கணக்கிலுள்ள கடனுக்கு ஈடுசெய்ய வங்கிக்கு உரிமை உண்டு. கடன் ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் அப்படியொரு வாசகம் இருக்கும். ஆகவே கடன் உள்ள வங்கியில் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்குமான பணம் தங்கக்கூடாது. கடன் எதுவும் இல்லாத இன்னொரு வங்கியில் உங்கள் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, லொறிச் சம்பளத்தை அங்கே போடுங்கள். இது ஒளிப்பு ஆகாது. எப்போதாவது நீதிமன்றத்தில் கணக்கு விபரம் கொடுக்க நேர்ந்தால் அதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

தம்பி பிள்ளைகளுக்காக அனுப்பும் பணத்தை இனி அவரது அண்ணியான உங்கள் மனைவியின் தனிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். உங்களுக்கு வந்து சேர்ந்த பணத்தை மனைவிக்கு மாற்றுவது வேறு. தம்பி தன் பணத்தைத் தான் விரும்பியவருக்கு அனுப்புவது வேறு. முன்னையதில் கடன்காரருக்குக் கேள்வி கேட்க இடமுண்டு, பின்னையதில் இல்லை. கூட்டுக் கணக்கு ஏதும் இருந்தால், மனைவி தன் சொந்த உழைப்பின் பணத்தை அதில் போடுவதை நிறுத்தட்டும். பிள்ளைகளின் சிறுவர் சேமிப்புக் கணக்குகளை அப்படியே விடுங்கள். இப்போது உங்கள் பணத்தை அங்கே கொண்டுபோய்ப் போடவும் வேண்டாம்.

பழைய கணக்குகளை அவசரப்பட்டு மூடாதீர்கள். மூடுவதற்கு முன் 2019 தொடக்கம் இன்றுவரையான கூற்றுகளைக் கிளையில் முத்திரையிட்டுப் பெறுங்கள். கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்பது வரிப் பகுதியில் புரியும்.

காசோலைகளே உங்கள் விடயத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துகின்றன. கணக்கில் பணம் இல்லையென்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது, 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி சிறைத்தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றம். வங்குரோத்து மனு குற்ற வழக்கைத் தடுக்காது. ஆகவே நெல் தந்த மூவரையும் நேரில் போய்ச் சந்தியுங்கள். அவர்களும் நம்மைப் போல இடம்பெயர்ந்து, 2009 இன் பின் வெறுங்கையோடு திரும்பி வந்து வயலைத் திருத்தியவர்கள். காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் எவ்வளவு, சிறுபோகத்தின் பின் எவ்வளவு என்று எழுதிக் கையொப்பமிட்டு, காசோலைகளைத் திருப்பிப் பெறுங்கள். பயன்படுத்தாத காசோலைத் தாள்கள் இருந்தால் வங்கியில் ஒப்படைத்துவிடுங்கள். அதேவேளை ஒருவருக்கு மட்டும் முழுதாகக் கொடுத்து மற்ற இருவரையும் காத்திருக்க வைக்காதீர்கள்.

வங்கியோடு பேசும்போதும் இதே அறுவடைக் கணக்கையே முன்வையுங்கள். மாதத் தவணை, மாதச் சம்பளக்காரருக்கு வகுக்கப்பட்டது. வன்னியில் வயலிலும் வயலைச் சார்ந்த வியாபாரத்திலும் பணம் ஆண்டுக்கு இரண்டு முறைதான் புரளும். விவசாயிகளிடமிருந்து வரவேண்டிய பணம் அறுவடையோடுதான் வரும் என்பதைப் பெயர்ப் பட்டியலோடு காட்டி, லொறிச் சம்பளத்திலிருந்து ஒரு சிறு மாதத் தொகையும், இரு போகங்களின் பின் பெரிய தொகையும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த வாக்குறுதியை நம்பி ஒரு சதமும் கட்டாதீர்கள். வங்கி பதிலளிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்துக்கு, 1935 என்ற இலக்கத்தில், முறையிடலாம். வங்கிகளுக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம்.

வங்கி வழக்குப் போட்டால் அசட்டையாக இருக்காதீர்கள். நான் மேலே சொன்ன அதே 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், நீதிமன்றம் வங்கியின் ஆவணங்களைப் பார்த்து முதலிலேயே நிபந்தனைத் தீர்ப்பாணை ஒன்றை வழங்கிவிடும். குறித்த நாளில் நீங்கள் தோன்றி, எதிர்வாதம் செய்ய அனுமதி பெறாவிட்டால் அது முடிவான தீர்ப்பாகிவிடும். அழைப்பாணை கிடைத்த அன்றே சட்டத்தரணியைத் தேடுங்கள். கையில் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நீதிமன்றம் போகாமலே சொத்தை ஏலம் விடும் அதிகாரம் வங்கிகளுக்கு ஈடு வைத்த சொத்தின் மீதே உண்டு. நீங்கள் ஈடு வைக்கவில்லை.

உங்கள் வீட்டைப் பற்றிய பயத்தையும் சற்றுக் குறைக்க விரும்புகிறேன். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை, கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்றக் கைப்பற்றி விற்க அச்சட்டம் இடமளிப்பதில்லை. உங்கள் அனுமதிப்பத்திரம் அச்சட்டத்தின் கீழானதா என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உறுதிசெய்யுங்கள். மனைவியின் சீதனக் காணியும் அவரது தனிச் சொத்து. யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அந்தக் காணியின் பயிர்ச்செய்கைக்கோ பராமரிப்புக்கோ பட்ட கடனாக இருந்தாலன்றி, கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது. ஆகவே வங்கியில் யாராவது அவரைப் பிணையாளியாக ஒப்பமிடச் சொன்னால், அன்றே மறுத்துவிடுங்கள். அந்த ஒரு கையொப்பம் இந்தப் பாதுகாப்பை அழித்துவிடும். திருமணத்தின் பின் இருவரும் தேடிய தேட்டம் வேறு விதமாகப் பார்க்கப்படும் என்பதால், அப்படி ஏதும் இருந்தால் சட்டத்தரணியிடம் தனியாகக் கேளுங்கள்.

வரிக்கு வருகிறேன். நட்டப்பட்ட ஆண்டுக்கு வருமான வரி வராது. அறிக்கை அனுப்பும் கடமை மட்டும் உங்களை விட்டுப் போகவில்லை. ஆண்டு முடியும் மார்ச் 31 இன் பின் வரும் நவம்பர் 30 க்குள் அனுப்பாவிட்டால், செலுத்த வரியே இல்லாவிட்டாலும் 50,000 ரூபாயும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாயுமாக, 400,000 ரூபாய் வரை தண்டம் ஏறக்கூடும். செலுத்தாத வரிக்கு மாதம் 1.5 சதவீத வட்டி தனி. கடனில் இருப்பவர்கள் வரி அறிக்கையைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். அது வீணாக இன்னொரு கடனை உண்டாக்குகிறது.

அறிக்கை இல்லாதபோது உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தன் மதிப்பீட்டை அனுப்பலாம். நெல் வியாபாரியின் கணக்கில் ஓர் ஆண்டில் இரண்டு கோடி ரூபாய் வந்து போயிருக்கலாம். அவருக்கு மிஞ்சியது சில இலட்சமாகவோ நட்டமாகவோ இருந்திருக்கலாம். கூற்றும் கொப்பியும் இல்லாவிட்டால், வந்துபோன பணத்தில் எது யாருக்குச் சேர்ந்தது என்று உங்களால் காட்ட முடியாமற் போகும். மதிப்பீடு வந்தால் 30 நாட்களுக்குள் மீளாய்வு கேட்க வேண்டும். வரி அரசுக்கான கடன்; அதை அறவிட உங்கள் வங்கிக்கே நேரடியாக அறிவித்தல் அனுப்பும் அதிகாரம் திணைக்களத்துக்கு உண்டு. நீங்கள் கவனமாகத் திறந்த புதிய கணக்கும் அதற்கு விலக்கில்லை.

ஆகவே விடுபட்ட 2022/23, 2023/24, 2024/25 அறிக்கைகளை இப்போதே தயாரியுங்கள். ஓர் ஆண்டின் வியாபார நட்டத்தை அடுத்த ஆறு ஆண்டுகளின் வியாபார வருமானத்திலிருந்து கழிக்கலாம். நாளை மறுபடி கடை திறந்தால் இன்று பதிவான நட்டம் அன்று உதவும். விவசாயிகளிடம் முடங்கிய பணத்தையும், முன்பு அதை விற்பனை வருமானமாகக் காட்டியிருந்து, அறவிட நியாயமான முயற்சி எடுத்ததைக் காட்ட முடிந்தால், அறவிட முடியாக் கடனாகக் கழிக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவூட்டற் கடிதம் எழுதிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, வியாபாரம் நிறுத்தப்பட்டதை எழுத்தில் அறிவித்து, தண்டத்தைக் குறைக்கவும் நிலுவையைத் தவணையில் செலுத்தவும் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள பிராந்திய அலுவலகத்துக்குக் கோப்போடு நேரில் போவது நல்லது. முதலில் 1944 இல் அழைத்து விசாரிக்கலாம்.

இன்றைய சம்பளத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வரி இல்லை; அதாவது மாதம் ஒன்றரை இலட்சம். அதே நாளிலிருந்து வைப்பு வட்டியில் 10 சதவீதம் பிடிக்கப்படுகிறது. உங்கள் மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால், சுயபிரகடனப் படிவத்தைப் புதிய வங்கியில் கொடுத்தால் அதைப் பிடிக்க மாட்டார்கள். தம்பி அனுப்பும் அன்பளிப்பு உங்கள் வருமானம் ஆகாது. ஆனாலும் அனுப்பிய சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

ஆசிரியரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். வங்கியின் கடிதம் அவர் கைக்குப் போகுமுன், நிலுவை எவ்வளவு, நீங்கள் வங்கிக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை உங்கள் வாயால் அவர் கேட்க வேண்டும். வங்கிக்கு எழுதிய கடிதத்தின் பிரதியொன்றையும் அவரிடம் கொடுங்கள். அவர் உங்களுக்காக ஏதும் கட்ட நேர்ந்தால், அந்தப் பற்றுச்சீட்டைக் கொண்டு அத்தொகையை உங்களிடமிருந்து அறவிட அவருக்கு உரிமை உண்டு. ஆகவே உங்கள் கடன் பட்டியலில் அவர் பெயரையும் எழுதுங்கள்.