ஐ.பி. தொலைபேசிகளின் பட்டியல் உங்கள் சுவிட்சிலேயே இருக்கிறது

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கணினி வலையமைப்பின் வழியாகவே பேசும் ஐ.பி. தொலைபேசிகள் ஏறக்குறைய 40 உள்ளன. அவற்றை நிறுவியவர் இப்போது தொடர்பில் இல்லை. பட்டியலும் வைத்துவிட்டுப் போகவில்லை. எந்தக் கருவி எந்த எக்ஸ்டென்ஷனுக்கு (அலுவலகத்தின் உள் எண்ணுக்கு) உரியது, எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வலையமைப்பிலுள்ள கருவிகளைத் தேடும் ஓர் இலவச ஸ்கேனர் நிரலை என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். கணினிகளும் பிரிண்டர்களும் தெரிந்தன, ஒரு தொலைபேசிகூடத் தெரியவில்லை. முழுவதையும் ஆய்வு செய்து தருவதாகச் சொல்லும் ஒருவர் அட்மின் கடவுச்சொல்லைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் தேடும் விவரம் உங்களிடமுள்ள மூன்று கருவிகளில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அதைப் படித்து ஒரு தாளில் எழுதுவது மட்டுமே பாக்கி.

ஸ்கேனர் ஏமாற்றியதற்குக் காரணம் இருக்கிறது. பேச்சு தடைபடக் கூடாது என்பதற்காகத் தொலைபேசிகளைப் பெரும்பாலும் தனி வி.லேனில் வைப்பார்கள், ஒரே கேபிளில் ஓடினாலும் கணினிகளிலிருந்து பிரிக்கப்பட்ட தனி வலையமைப்பு அது. ஸ்கேனரோ, தான் ஓடும் கணினியின் முகவரி வரம்பை மட்டுமே வழக்கமாகத் தேடும். காசு கொடுத்து வாங்கினாலும் இந்த நிலைமை மாறாது.

முதலில், அலுவலக அழைப்புகளை இணைத்துத் தரும் மையக் கருவியான பி.பி.எக்ஸின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, பதிவாகியுள்ள எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு தொலைபேசியும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று குறிப்பிட்ட இடைவெளியில் பி.பி.எக்ஸுக்கு அறிவித்துக்கொண்டே இருப்பதால், எக்ஸ்டென்ஷனும் அதன் ஐ.பி. முகவரியும் அங்கே அருகருகே கிடைக்கும். அடுத்து, முகவரிகளை வழங்கும் ரௌட்டரின் டி.எச்.சி.பி. பட்டியலில் அந்த ஐ.பி. முகவரிக்கு நேராக மேக் முகவரி, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண், இருக்கும். மூன்றாவதாக, கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்சின் மேக் அட்டவணையில் அந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) இருக்கிறது என்று தெரியும். ஐ.பி. முகவரி நாளையே மாறலாம், மேக் மாறாது. ஆகவே மேக்கை மறக்காமல் எழுதுங்கள்.

மேக் முகவரியில் 12 குறிகள் உண்டு. முதல் ஆறும் தயாரிப்பாளருக்கு ஐ.இ.இ.இ. என்ற தர நிர்ணய அமைப்பு ஒதுக்கியவை. 00:15:65 என்று தொடங்கினால் யீலிங்க், 00:04:13 என்றால் ஸ்னோம். பெரிய தயாரிப்பாளர்களுக்கு இப்படிப் பல தொடக்கங்கள் உண்டு. சந்தேகம் வந்தால் தொலைபேசியைக் கவிழ்த்துப் பாருங்கள்; அடிப்பக்கத்துச் சீட்டில் பார்கோடின் கீழே அதே 12 குறிகளும் அச்சாகியிருக்கும்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொலைபேசியின் பின்புறத்தில் இரண்டு துளைகள் இருக்கும்: ஒன்று சுவரிலிருந்து வரும் கேபிளுக்கு, மற்றொன்று மேசைக் கணினிக்கு. கணினியை அப்படி இணைத்திருந்தால் சுவிட்சின் ஒரே போர்ட்டில் இரண்டு மேக் முகவரிகள் தெரியும். அதைக் கோளாறு என்று எண்ணி ஒன்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தொலைபேசியைத்தான் அடிக்கிறார்கள். இரண்டில் எது தொலைபேசி என்பதை முதல் ஆறு குறிகளும் வி.லேன் எண்ணுமே காட்டிவிடும். கருவிகள் தம்மைப் பற்றிச் சுவிட்சுக்கு அறிவிக்கும் முறையான எல்.எல்.டி.பி. சுவிட்சில் இயங்கினால் இன்னும் எளிது: அதை ஆதரிக்கும் தொலைபேசி தன் மாடல் பெயரையும் தானே அறிவித்துவிடும், அண்டைக் கருவிகள் என்ற பக்கத்தில் அதைப் பார்க்கலாம். சில சமயம் தொலைபேசியின் மேக் இரண்டு வி.லேன்களிலும் தோன்றும், அதை இரண்டு தொலைபேசிகளாக எண்ணிவிடாதீர்கள்.

இனி, கடவுச்சொல் கேட்பவரைப் பற்றி. வாடிக்கையாளர் விலை கொடுத்து வாங்கிய கருவியின் கடவுச்சொல் ஒப்பந்தக்காரரின் சட்டைப்பையில் இருப்பதும், அதைத் திரும்பப் பெற வாடிக்கையாளரே மன்றாடுவதும் இந்தத் தொழிலில் இயல்பாகிவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது பொறுப்பதில்லை. ஆய்வு என்று வருபவர்களில் சிலர், உள்ளே நுழைய முடியவில்லை என்றவுடன் தொலைபேசியை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுகிறார்கள். அதில் எக்ஸ்டென்ஷன் அமைப்பு முழுவதும் அழிந்துவிடும்; பி.பி.எக்ஸிலிருந்து தானாக அமைப்பை ஏற்றும் ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தத் தொலைபேசி ஊமையாகிவிடும். ஒரு முறை ஒரு தளம் முழுவதும் இப்படி ஊமையான பிறகுதான் என்னை அழைத்தார்கள். வேறு சிலர் வெளியிலிருந்தே பார்ப்பதாகச் சொல்லி ரௌட்டரில் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கச் சொல்வார்கள் (இது கேபிள் துளை அல்ல, ஐ.பி. தொலைபேசி அழைப்புகளுக்கான வாசல் எண்). ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தப் போர்ட்டைத் தேடியே திரியும் நிரல்கள் இணையத்தில் ஏராளம். கடவுச்சொல் பலவீனமாக இருந்தால் உங்கள் கணக்கில் வெளிநாட்டு அழைப்புகள் போய்க்கொண்டிருக்கும், கட்டணச் சீட்டு வரும்வரை உங்களுக்குத் தெரியாது.

பி.பி.எக்ஸ். கடவுச்சொல்லே உங்களிடம் இல்லையென்றால், அதை நிறுவிய ஒப்பந்தக்காரரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். அதுவரை மேசை மேசையாகப் போய்ப் பார்க்கலாம்: யீலிங்க் தொலைபேசிகளில் ஓ.கே. பொத்தானை அழுத்தினால் ஐ.பி. முகவரி திரையில் வரும். மற்றவற்றில் மெனுவுக்குள் நிலை அல்லது ஸ்டேட்டஸ் என்ற பகுதியில் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சுவிட்சில் தெரிந்து பி.பி.எக்ஸில் தெரியாத தொலைபேசி ஒன்றிரண்டு மிஞ்சும். அவை பதிவை இழந்தவை. அவை கேபிள் வழியாகவே மின்சாரம் பெறுபவையாக இருந்தால், அலுவலகம் முடிந்த பிறகு அந்தப் போர்ட்டின் பி.ஓ.இ. மின்சாரத்தைச் சுவிட்சில் நிறுத்துங்கள். எந்த மேசையில் திரை அணைகிறதோ அதுதான் நீங்கள் தேடும் தொலைபேசி. பார்த்ததும் மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டு, போர்ட் எண்ணைத் தொலைபேசியின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.